கண்காட்சியில் பொருள் வாங்கப் போகிறீர்களா?

யாழ்ப்பாணக் கோட்டைக்கு அருகேயுள்ள முற்றவெளியில் வர்த்தகக் கண்காட்சி நடக்கும் நாட்களில், நெடுந்தூரத்திலிருந்து பஸ் ஏறிவரும் பெண்களைக் காணலாம். சிலர் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட வருகிறார்கள். வேறு சிலருடைய கைப்பையில் பல மாதங்களாகச் சேர்த்த காசு இருக்கும். ஒரு தையல் இயந்திரமோ, மா அரைக்கும் மெசினோ, குஞ்சு பொரிக்கும் பெட்டியோ வாங்கிவிட்டால் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியும் என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் இவர்கள். இக்கட்டுரை இவர்களுக்காகவே.

2006 ஓகஸ்ட் மாதம் மூடப்பட்ட ஏ-9 வீதி, 2009இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சி முதன்முதலாக 2010ஆம் ஆண்டு நடைபெற்றது. ஒரு சவர்க்காரக் கட்டிக்கே வரிசையில் நின்ற மக்களுக்கு, ஒரே மைதானத்தில் நூற்றுக்கணக்கான பொருட்களைப் பார்ப்பது புது அனுபவமாக இருந்தது. பொருட்கள் வந்த அதே வீதியால் தவணைக் கடனும் லீசிங்கும் வந்தன. கடன் எவ்வளவு தூரம் பெண்களை நெருக்கியது என்பதை நாம் அறிவோம். 2018ஆம் ஆண்டு, வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைக் கட்டமுடியாமல் தவித்த பெண்களுக்காக அரசாங்கமே கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. வடக்கின் ஐந்து மாவட்டங்களும் கிழக்கின் மூன்று மாவட்டங்களும் அப்பட்டியலில் இருந்தன.

ஆகவே கண்காட்சிக்குப் போகக் கூடாதா? கட்டாயம் போக வேண்டும். கடைக்குக் கடை அலையாமல் பல இயந்திரங்களை ஒரே நாளில் தொட்டுப் பார்க்கவும், இயக்கிப் பார்க்கவும், விலை கேட்கவும் இதைவிட நல்ல இடம் கிடையாது. கண்காட்சியின் உண்மையான இலாபம் இதுதான். “இன்று மட்டும் விசேட விலை” என்ற அட்டையை இலாபம் என்று எண்ணுவதால்தான் சிக்கல் தொடங்குகிறது. பார்ப்பது கண்காட்சியிலும் முடிவெடுப்பது வீட்டுக் கணக்குக் கொப்பியிலும் இருக்க வேண்டும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய கணக்கு

போவதற்கு முன், அந்தப் பொருள் உங்களுக்கு என்ன உழைத்துத் தரும் என்று எழுதிப் பாருங்கள். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். ஒரு சகோதரி மாதத்துக்கு 15 சட்டை தைக்கிறார், ஒரு சட்டைக்கு 800 ரூபா கூலி என்று வைத்துக்கொள்வோம். வரவு 12,000 ரூபா. நூல், பொத்தான், மின்சாரம் என்று 2,000 ரூபா போனால் கையில் 10,000 ரூபா மிஞ்சும். மாதம் 5,000 ரூபா தவணை கட்டுவது சுலபம் என்றே தோன்றும்.

ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாண வீடுகள் இல்லை. சட்டைத் துணியோடு வருபவர்கள் பாதியாகக் குறைந்துவிடுவார்கள். அம்மாதங்களில் 7 சட்டைதான் வந்தால் வரவு 5,600 ரூபா. செலவு 1,000 போக மிகுதி 4,600 ரூபா. தவணைக்கே போதாது, அரிசி, பருப்புக்கு எங்கே போவது? தீபாவளி மாதத்தையும் பாடசாலைச் சீருடை தைக்கும் மாதத்தையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேலை மிகக் குறைந்த மாதத்தில் எவ்வளவு கட்ட முடியுமோ அதுவே உங்கள் எல்லை. அந்தத் தொகையைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

பிறகு இடத்தை அளவுங்கள். இயந்திரம் வைக்கப் போகும் மூலை எவ்வளவு நீளம், அகலம்? வாசற்கதவு எவ்வளவு அகலம்? மின்சாரச் செருகி எங்கே இருக்கிறது? மழைக்கு அந்த இடத்தில் ஒழுக்கு விழுமா? இன்னமும் தகரக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு இது முக்கியமான கேள்வி. வாங்கிய இயந்திரம் மழையில் நனைந்து துருப்பிடித்தால் உத்தரவாதப் பத்திரம் கைகொடுக்காது.

கையோடு கொண்டு போக வேண்டியவை

ஒரு கொப்பி, பேனை, அளவு நாடா, குடிதண்ணீர். அத்தோடு நீங்கள் வேலை செய்யும் பொருளையும் கொண்டு போங்கள். தையல் இயந்திரம் பார்க்கப் போகிறவர் மெல்லிய சேலைச் சட்டைத் துணி, சீருடைத் துணி, தடித்த டெனிம் துணி என்று மூன்று துண்டு எடுத்துச் செல்லலாம். மா அரைக்கும் மெசின் பார்க்கப் போகிறவர் வழக்கமாக இடிக்கும் அரிசியில் அரைக்கிலோவைப் பக்குவப்படுத்திக் கொண்டு போகலாம். விற்பனையாளர் தன்னிடமுள்ள நல்ல துணியில் தைத்துக் காட்டுவார். அது எந்த மெசினிலும் அழகாகத்தான் வரும். உங்கள் துணியில் எப்படி வருகிறது என்பதுதான் உங்களுக்குத் தேவை.

முடிந்தால் தொழில் தெரிந்த இன்னொரு பெண்ணையும் அழைத்துப் போங்கள். இருவர் போனால் ஒருவர் கேள்வி கேட்கும்போது மற்றவர் எழுதிக்கொள்ளலாம். முதல் நாள் காலையில் கூட்டம் குறைவாக இருக்கும்போது போனால் ஆறுதலாகப் பார்க்கலாம். கடைசி நாள் மாலையில் காட்சிக்கு வைத்த பொருட்களைக் குறைந்த விலைக்குத் தருவதும் உண்டு. அப்படியான பொருள் பலருடைய கைபட்டது என்பதால் அதை மிகக் கவனமாகப் பார்த்தே எடுக்க வேண்டும்.

தொட்டுப் பாருங்கள், இயக்கிப் பாருங்கள்

நின்றுகொண்டு பார்த்துவிட்டு வருவதில் பயனில்லை. கதிரையில் இருந்து, நீங்களே தைத்துப் பாருங்கள். மெதுவாகவும் தையுங்கள், வேகமாகவும் தையுங்கள். துணியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் மேல் நூலின் இறுக்கத்தைச் சரிசெய்தால் தீரும் குறைதான். உங்கள் முன்னாலேயே சரிசெய்து காட்டச் சொன்னால் நீங்களும் கற்றுக்கொள்ளலாம். பொபினும் ஊசியும் யாழ்ப்பாணத்திலோ கிளிநொச்சியிலோ சாதாரண கடையில் கிடைக்குமா, அந்தக் கொம்பனியில்தான் வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

“ஜூக்கி” என்று நாம் பொதுவாகச் சொல்லும் பெரிய தையல் இயந்திரங்களில் மோட்டார் எந்த வகை என்று கேட்பது அவசியம். பழைய கிளச் மோட்டார், நீங்கள் தைக்காமல் துணியை மடித்துக்கொண்டிருக்கும் போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். மின்மானியும் கூடவே சுற்றும். சேர்வோ மோட்டார் நீங்கள் மிதிக்கும்போது மட்டுமே ஓடும், சத்தமும் குறைவு. வாங்கும் விலையில் சிறிது வித்தியாசம் இருந்தாலும் மாதாமாதம் வரும் மின்கட்டணத்தையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

அரைக்கும் மெசினில் ஒட்டியிருக்கும் தகட்டை வாசியுங்கள். எமது வீடுகளில் வருவது 230 வோல்ட் மின்சாரம். “திறீ பேஸ்” மோட்டார் என்றால் சாதாரண வீட்டு இணைப்பில் நேரடியாக ஓடாது. இணைப்பை மாற்றச் செலவாகும். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. மூன்று குதிரைவலு மோட்டாரை ஒரு மணி நேரம் முழுப் பாரத்தில் ஓட்டினால் இரண்டு அலகுக்கு மேல் மின்சாரம் செல்லும். உங்கள் வீட்டு வயர் அதைத் தாங்குமா என்று மின்வேலை தெரிந்த ஒருவரிடமும், தொழிலுக்குப் பாவிக்கும் மின்சாரத்துக்குக் கட்டணம் எப்படி அறவிடப்படும் என்று உங்கள் பகுதி மின்சார அலுவலகத்திலும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மெசினைப் பத்து நிமிடமாவது தொடர்ந்து ஓடவிடச் சொல்லுங்கள். மா கையைச் சுடுகிறதா, மோட்டார் மணக்கிறதா, மேசை நடுங்குகிறதா என்று பாருங்கள். அரைத்து முடிந்ததும் உள்ளே கழுவித் துடைப்பது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

உடம்பையும் கேளுங்கள்

போர் எமது பெண்கள் பலருடைய உடலில் தன் அடையாளத்தை விட்டுப் போயிருக்கிறது. செயற்கைக் கால் பொருத்தியவர்கள், ஒரு கையின் பலம் இழந்தவர்கள், குண்டுச் சிதறலை முதுகிலும் தோளிலும் சுமந்துகொண்டே வேலை செய்பவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மெசின் பொருந்தாது.

பெரிய தையல் இயந்திரங்களில் ஊசிக்கடியில் துணியைப் பிடிக்கும் பாதத்தை வலது முழங்காலால் தள்ளி உயர்த்தும் கம்பி ஒன்று இருக்கும். வலது கால் முழங்காலுக்கு மேல் இல்லாத ஒருவருக்கு அது உதவாது. கையால் உயர்த்தும் பிடி எட்டக்கூடிய இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செயற்கைக் காலால் மிதிப்பவருக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்வு கிடைக்காது. மற்றக் காலுக்கு நேராக மிதியை நகர்த்த முடியுமா, வேகத்தைக் குறைத்து வைக்கும் வசதி உண்டா என்று கேட்கலாம். அரைக்கும் மெசினென்றால் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அரிசி கொட்டும் வாய் தோளுக்கு மேலே இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை அதைச் செய்ய வேண்டியவர் நீங்கள். “பழகினால் சரிவரும்” என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். உங்கள் உடம்பு சொல்வதை நம்புங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிவம் நிரப்பும்போது “கணவரின் கையெழுத்து வேண்டும்” என்று கேட்கப்படுகிற இடத்தில், கணவரை இழந்தவர்களும் கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களும் கூனிக் குறுகிப் போகிறார்கள். சிலர் தம் முழுக் கதையையும் அந்தக் கூட்டத்தின் நடுவே சொல்லி அழுவதும் நடக்கிறது. முன்பின் அறியாத ஒருவருக்கு உங்கள் துயரத்தை விளக்க வேண்டிய கடமை உங்களுக்கில்லை. “என்னென்ன பத்திரம் தேவை என்று எழுதித் தாருங்கள்” என்று மட்டும் கேட்டு வாங்கி வாருங்கள். பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அதைக் காட்டி ஆலோசனை பெறலாம்.

“மாதம் ஐயாயிரம்தான் அக்கா!”

கண்காட்சியில் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. முழு விலையைச் சொல்லாமல் மாதத் தவணையை மட்டும் சொல்வார்கள். இங்கேதான் கொப்பியை விரிக்க வேண்டும்.

காசுக்கு வாங்கினால் 60,000 ரூபா விலையுள்ள ஒரு மெசினை எடுத்துக்கொள்வோம். முற்பணம் 10,000 ரூபா. மிகுதி 50,000 ரூபாவுக்கு 12 மாதத் தவணை, மாதம் 2 வீத வட்டி. மாத வட்டி 1,000 ரூபா. 12 மாதத்துக்கு 12,000 ரூபா. ஆகவே 62,000 ரூபாவைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 5,167 ரூபா கட்டச் சொல்வார்கள். முற்பணத்தோடு மெசினின் விலை 72,000 ரூபாவாகிறது. பத்திரச் செலவு, காப்புறுதி என்று எதையாவது சேர்த்தால் இன்னும் கூடும்.

“2 வீதம்தானே, வருடத்துக்கு 24 வீதம்” என்று நினைக்கிறோம். உண்மை அதுவல்ல. மாதந்தோறும் நீங்கள் முதலையும் சேர்த்துக் கட்டி வருகிறீர்கள். பன்னிரண்டாவது மாதம் வரும்போது முதலில் மிஞ்சியிருப்பது 4,167 ரூபாதான். ஆனாலும் அந்த மாதமும் 50,000 ரூபாவுக்குரிய 1,000 ரூபா வட்டியையே கட்டுகிறீர்கள். இப்படி முதல் தொகைக்கே கடைசிவரை போடும் வட்டியை, குறைந்து வரும் மிகுதிக்கு மட்டும் போடும் வட்டியோடு ஒப்பிட்டால், அது வருடத்துக்கு ஏறக்குறைய 42 வீதமாகும். எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

காசுக்கு வாங்கினால் என்ன விலை? தவணை எல்லாம் கட்டி முடிக்கும்போது மொத்தம் எவ்வளவு கட்டியிருப்பேன்? வட்டி முழுத் தொகைக்கா, குறைந்து வரும் மிகுதிக்கா? ஒரு மாதம் பிந்தினால் தண்டப்பணம் எவ்வளவு? முன்கூட்டியே கட்டி முடித்தால் வட்டி குறையுமா? இந்த ஐந்துக்கும் பதிலை எழுத்தில் தர மறுப்பவரிடம் தவணைக்கு வாங்க வேண்டாம்.

தவணை முறையே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலை ஏற்கெனவே வாசலில் காத்திருக்கிறது, இயந்திரம் வந்த மாதமே தவணையைவிடக் கூடுதலாக உழைக்கலாம் என்றால் கடன்பட்டு வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வேலை இனிமேல்தான் தேட வேண்டும் என்றால், மாதம் 5,000 ரூபாவாகச் சீட்டிலோ சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கத்திலோ சேர்த்தால், கையிலுள்ள 10,000 ரூபாவோடு பத்து மாதத்தில் அதே மெசினைக் காசுக்கே வாங்கிவிடலாம். பொறுத்திருந்த அந்த நேரத்தில் வாடிக்கையாளரையும் தேடிக்கொள்ளலாம்.

விலைக்கழிவு பற்றியும் ஒரு வார்த்தை. கண்காட்சிக்குப் போகும் முன்னரே நகரத்தில் இரண்டு கடையில் அதே மெசினின் விலையை விசாரித்து எழுதி வைத்திருந்தால்தான், அது உண்மையான விலைக்கழிவா என்று தெரியும். சொல்லும் விலையில் வரி சேர்ந்துள்ளதா, வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டித் தரும் செலவு யாருடையது என்பதையும் கேளுங்கள். கொடிகாமத்துக்குக் கொண்டுவரும் செலவு ஒன்று, முல்லைத்தீவுக்குக் கொண்டுவரும் செலவு வேறு.

கையெழுத்துக்கு முன்

லீசிங் முறையில் எடுக்கும் பொருள், கடைசித் தவணை கட்டி முடியும்வரை உங்களுடையதல்ல, நிறுவனத்துடையது. ஸ்கூட்டர், முச்சக்கர வண்டி என்றால் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று நிறுவனத்தின் பெயரே பதியப்படும். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின், புது வாகனம் வாங்கும் ஆசை பலருக்கு எழுந்துள்ளது. பிள்ளையைப் பாடசாலைக்கு ஏற்றிப் போகவும், தைத்த உடுப்பைக் கொடுத்து வரவும் ஸ்கூட்டர் உதவும் என்பது உண்மை. ஆனால் தவணை தவறினால் வண்டியும் போகும், கட்டிய காசும் போகும் என்பதை மறக்கக் கூடாது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். உங்களுக்கு விளங்காத மொழியில் உள்ள பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்து, வாசித்து விளங்கக்கூடிய ஒருவரோடு இருந்து பாருங்கள். உங்களுக்குப் பிணை நிற்பவர் யார், அவருக்கு என்ன பொறுப்பு என்பதை அவருக்கும் தெளிவாகச் சொல்லுங்கள். பிணையால் பிரிந்துபோன அயலவர்களும் சகோதரிகளும் எமது கிராமங்களில் இருக்கிறார்கள். அதிர்ஷ்டச் சீட்டு நிரப்பும் மேசையில் அடையாள அட்டைப் பிரதி கேட்டால் கொடுக்க வேண்டாம்.

“இன்று விட்டால் இந்த விலை கிடைக்காது” என்று சொன்னால், “அந்த விலையை எத்தனை நாளைக்குத் தருவீர்கள், எழுதித் தாருங்கள்” என்று கேளுங்கள். நல்ல வியாபாரி எழுதித் தருவார். வாங்குபவரும் அடுத்த வருடமும் அதே ஊரில் இருப்பவர்தான் என்பது அவருக்குத் தெரியும்.

வாங்கிய பின்

பற்றுச்சீட்டு இல்லாமல் பொருளை எடுக்காதீர்கள். திகதி, பொருளின் பெயர், மெசினில் உள்ள தொடர் இலக்கம், கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்க வேண்டும். உத்தரவாதப் பத்திரத்தில் முத்திரையும் திகதியும் இடப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பழுதானால் யாழ்ப்பாணத்தில் திருத்துவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்காட்சிக் கொட்டகை மூன்று நாளில் கழற்றப்பட்டுவிடும். ஆகவே அந்நிறுவனத்தின் நிரந்தரக் கிளை எங்கே உள்ளது என்பதை வாங்கும் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதால் காலம் தாழ்த்த வேண்டாம். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் தகவல் கேட்கலாம். பற்றுச்சீட்டு கையில் இருந்தால்தான் உங்கள் முறைப்பாட்டுக்குப் பலம்.

சேர்ந்து போனால்

ஒரு மெசின் வாங்கப் போகும் தனிப் பெண்ணுக்குக் கிடைக்காத விலை, ஐந்து மெசின் வாங்கப் போகும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கிடைக்கும். ஏற்றியிறக்கும் கூலியும் பங்காகக் குறையும். ஒரே வகை மெசின் ஐந்து இருந்தால் திருத்துபவரை அழைப்பதும் உதிரிப்பாகம் வாங்குவதும் சுலபம். ஓவர்லொக் போன்ற, நாள் முழுதும் தேவைப்படாத இயந்திரத்தைச் சங்கத்துக்கென்று ஒன்று வாங்கி முறைவைத்துப் பாவிக்கலாம். யார் எப்போது பாவிப்பது, பழுதானால் யார் செலவு செய்வது என்பதை வாங்கும் முன்னரே கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பின்னர் வரும் மனத்தாங்கலை அது தவிர்க்கும்.

வெறுங்கையோடு திரும்பினாலும் அந்த நாள் வீணல்ல. எந்த மெசின் எப்படி ஓடுகிறது, என்ன விலை, எங்கே திருத்துவார்கள் என்பதெல்லாம் கொப்பியில் இருக்கும். அதை உங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். ஒருவர் பார்த்து வந்தது பத்துப் பேரைக் கடனில் விழாமல் காக்கக்கூடும். எவ்வளவோ இழந்த பின்னும் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு இது. அதை எதற்கு, எப்போது, எவரிடம் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுடையது. அந்த உரிமையை ஒரு நாள் சந்தடியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.